ரிலீவிங் லெட்டர் வாங்கும் முன்

அன்புள்ள அம்மணிக்கு,

வேலையை விடுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. புது இடத்தில் சேர இரண்டு மாதம் இருக்கிறது, அதுவரை நம் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து நன்றாகத் தூங்கப் போகிறேன் என்றாய். தாராளமாக வா. ஆனால் "நடுவில் சின்னதாக ஒரு இன்சூரன்ஸ் போட்டுக்கிறேன்ப்பா" என்று போகிற போக்கில் சொன்னாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கம்பெனி ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்து எடுத்துக் கொடுத்த ஹெல்த் இன்சூரன்ஸ், அதாவது குரூப் பாலிசி, பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மறுநாளே புதிதாக ஒன்று வாங்கினாலும், விபத்துக்கு மட்டும்தான் உடனே செல்லுபடியாகும். டெங்கு என்று படுத்தால் முதல் 30 நாளுக்குள் ஒரு ரூபாய் வராது. உன் லீவில் பாதி அதிலேயே போய்விடும். அதனால் இரண்டு மாதத்துக்கென்று எதையும் தேடாதே. சாதாரண ஒரு வருஷப் பாலிசியையே இப்போதே, நோட்டீஸ் பீரியட் ஓடும்போதே எடுத்துவிடு. அந்த 30 நாளும் நீ ஆபீஸ் போய் வரும்போதே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கிடையாது.

வாங்கும் முன் எச்ஆரிடம் ஒன்று கேள். இப்போது குரூப் பாலிசி வைத்திருக்கிற அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று. மாறினால் குரூப்பில் இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் காலத்தில், அதாவது கிளெயிம் கேட்க முடியாத தொடக்க காலத்தில், கழித்துக்கொள்வார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள், உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆகவே கடைசி வாரம் வரை தள்ளாதே.

விண்ணப்பத்தில் உன் வீசிங்கை, அந்த மூச்சிளைப்பை, எழுது. மார்கழிக் காற்று கிளம்பினால் இன்ஹேலரைத் தேடுகிற பெண் நீ. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான் காக்க வைக்கலாம், 2024இல் அதை நான்கிலிருந்து குறைத்தார்கள். மறைத்தால் கிளெயிம் நேரத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள். பிரீமியம் ஏறும் என்று ஏஜென்ட் யாராவது "எழுத வேண்டாம் மேடம்" என்றால், அந்த ஆளிடம் வாங்காதே.

இனி அம்மா விஷயம். உன் கம்பெனிப் பாலிசியில் நாங்கள் இருவரும் இருக்கிறோம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கொஞ்ச நாளாக அவள் அரிசி புடைக்க முறத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறாள், உள்ளே வெளிச்சம் போதவில்லையாம். டியூப் லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறாள். டாக்டர் கண்புரை என்று சொல்லிவிட்டார். தனிப் பாலிசிகள் பெரும்பாலும் புரை ஆபரேஷனுக்கு இரண்டு வருஷம் காத்திரு என்று சொல்லும். உன் குரூப் பாலிசியில் அந்தக் காத்திருப்பு இல்லை, நான் தாளை வாசித்துவிட்டேன். ஆகவே நீ ரிலீவ் ஆவதற்குள் இரண்டு கண்ணையும் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு கண் ஆனபிறகு அடுத்ததற்குச் சில வாரம் விடுவார்கள், அதனால் இந்த மாதமே தொடங்க வேண்டும். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர், ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. நாம் பணம் கட்டாமல் இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுகிற கேஷ்லெஸ் லிஸ்டில் எது இருக்கிறது என்று மட்டும் நீ பார்த்துச் சொல்.

அரசுத் திட்டம் இருக்கிறதே என்று உன் அம்மா கேட்கிறாள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அங்கே குடியிருக்கிற, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. நாம் வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் ரேஷன் கார்டு கேரளத்தினுடையது. இங்கே கேரள அரசின் காருண்யா காப்பீட்டுத் திட்டப் பட்டியலிலும் நம் பெயர் இல்லை, நான் பென்ஷன் வாங்குவதால் இனி வரவும் வராது.

புதுக் கம்பெனியில் பெற்றோரைச் சேர்ப்பார்களா, சேர்த்தால் பிரீமியம் யார் தலையில் என்றும் கேட்டு வை. எங்கள் இருவரின் இன்சூரன்ஸ் ஈ-கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். அதற்குள் எச்ஆர் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால், திங்களே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா