பறக்காமல் திரும்பிய காலைக்கும் கூலி உண்டு

ட்ரோன் ஒளிப்படக்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நடுவில் நின்று வேலை பிடித்துத் தரும் தளங்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

திங்கள் முதல் வெள்ளி வரை எனக்கு மேசை வேலை. சனி, ஞாயிறு காலைகளில் உங்கள் ஆப் அனுப்பும் முகவரிக்குப் போய், ட்ரோனைப் பறக்கவிட்டுப் படமெடுத்துத் தருகிறேன். மூன்று வருடமாக இது என் பக்க வருமானம். விற்பனைக்கு வந்த வீடு, கட்டி முடியாத கட்டடம், ஓடு பெயர்ந்த கூரை, சோலார் தகடுகள் என்று எதுவும் வரும். விளம்பரம் செய்யவோ ஆளாளுக்குப் போன் போட்டு வேலை கேட்கவோ எனக்கு நேரமும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. அந்தப் பாட்டை நீங்கள் படுகிறீர்கள்; அதற்குக் கமிஷன் எடுத்துக்கொள்கிறீர்கள். கமிஷன் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என் வருத்தம் உங்கள் ஆப்பில் இருக்கும் ஒரே ஒரு பொத்தானைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல நாள் உங்கள் கணக்கில் அது 18 நிமிடம். ட்ரோன் தரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து இறங்கியது வரை. என் கணக்கு வெள்ளி இரவே தொடங்கிவிடும். நான்கு பேட்டரிகளையும் சார்ஜ் போட வேண்டும், மெமரி கார்டைக் காலி செய்ய வேண்டும், முகவரியை வான்வெளி வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் விமான நிலையம் உண்டா, மருத்துவமனையின் ஹெலிகாப்டர் தளம் உண்டா, அன்றைக்கு ஏதாவது தற்காலிகத் தடை உண்டா என்று தேட வேண்டும். காலையில் பயணம். போய் இறங்கியதும் மின்கம்பி, மரம், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், ‘என் வீட்டையா படம் பிடிக்கிறாய்’ என்று சண்டைக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர். (அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு எந்தக் கடிதமும் நீங்கள் தருவதில்லை.) திரும்பி வந்து படங்களைக் கழிக்க வேண்டும். வெயிலும் நிழலும் ஒரே படத்துக்குள் அடங்காத இடங்களில் வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த ஐந்து படங்களை ஒன்றாக்க வேண்டும். சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்த வேண்டும். எல்லாம் கூட்டினால் நாலரை மணி நேரம்.

பேட்டரிக் கணக்கும் அப்படித்தான். பெட்டியில் 34 நிமிடம் என்று போட்டிருக்கும். அது காற்றே இல்லாமல் சீரான வேகத்தில் ஓட்டிப் பார்த்த எண். திரும்பி வரக் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டால் எனக்குக் கிடைப்பது இருபதுக்குக் கொஞ்சம் மேல். குளிரில் அதுவும் குறையும்.

இப்போது அந்தப் பொத்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டு விற்பனை முகவருக்காக ஒரு வேலை. உயரத்திலிருந்து பத்துப் படம், ஒரு நிமிட வீடியோ. போய்ச் சேர்ந்தபோதே மரக்கிளைகள் ஆடிய ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. கையடக்கக் காற்றுமானியைத் தூக்கிப் பிடித்தேன். தலை உயரத்தில் நொடிக்கு 5 மீட்டர். வீச்சு வரும்போது 8. வீட்டை ஒட்டிய மைதானத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காற்று வீசிய திசையும் அந்தப் பக்கம்தான். அரைமணி நேரம் காத்திருந்தேன். காற்று ஓயவில்லை. முகவரிடம் நிலைமையைச் சொன்னேன். ‘சார், வெயில் நல்லாத்தானே இருக்கு?’ என்றார் அவர்.

வெயில் நன்றாகத்தான் இருந்தது. மழை வந்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காற்று கண்ணுக்குத் தெரியாதது; அதற்குத்தான் தொண்டைத் தண்ணீர் வற்றுகிறது. வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளப்பது. மேலே போகப் போக வேகம் கூடும். திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் நொடிக்கு 6 மீட்டர் என்றால், 100 மீட்டர் உயரத்தில் 8-ஐத் தாண்டும் என்பது பொதுவான கணக்கு. வீச்சு அதற்கும் மேலே. என் ட்ரோன் 249 கிராம். அது தாங்கும் காற்று நொடிக்கு 10.7 மீட்டர் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். வரம்புக்கு உள்ளேதானே என்று கேட்கலாம். காற்றில்லாத நாளில் அதன் அதிகபட்ச வேகம் நொடிக்கு 16 மீட்டர். 8 மீட்டர் எதிர்காற்றில் திரும்பும் வேகம் பாதியாகிவிடும். அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம், இரண்டு மடங்கு பேட்டரி. போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட காற்று, திரும்பும்போது மார்பில் கை வைத்துத் தடுக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் ட்ரோனைத் தொலைப்பது பெரும்பாலும் இந்தத் திரும்பும் வழியில்தான் என்பது என் அனுபவம். முதல் ட்ரோனை நானும் அப்படித்தான் தொலைத்தேன்.

ஆகவே பறக்கவில்லை. ஆப்பைத் திறந்தேன். ‘வேலை முடிந்தது’ என்று ஒரு பொத்தான், ‘ரத்து செய்’ என்று ஒரு பொத்தான். மூன்றாவது இல்லை. ரத்து செய்தேன். ‘ரத்து செய்தவர்: பைலட்’ என்று பதிவானது. கூலி பூஜ்யம். அன்று மாலையே ரேட்டிங் இறங்கியது. அடுத்த ஆறு வாரம் என் பக்கம் வந்தவை மற்றவர்கள் தொடாமல் விட்ட வேலைகள் மட்டும். காரணம் கேட்டு எழுதினேன். ‘உங்கள் நம்பகத்தன்மையை மேம்படுத்த ஏற்றுக்கொண்ட வேலைகளை முடிக்கவும்’ என்று பதில் வந்தது. எழுதியது மனிதர் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மனிதர் என்றால் வருத்தம் இன்னும் கூடும்.

அதன் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலையில் அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவர் வந்தார், பறக்கவிட்டார், படங்களைக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. விற்பனை விளம்பரத்தில் அந்தப் படங்களைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன.

இந்தத் தொழிலில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பறந்து விபத்தானால் தப்பு என்று ஊருக்கே தெரியும். பறக்காமல் விட்டது சரி என்று நிரூபிக்க வழியே இல்லை. நடக்காத விபத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? பத்தில் ஒன்பது முறை துணிந்தவர் தப்பித்துவிடுவார். உங்கள் கணினிக்கு அந்த ஒன்பது மட்டும் தெரியும். அவருக்கு ஐந்து நட்சத்திரம், எனக்கு மூன்று. இப்படியே ஒரு வருடம் வடிகட்டினால் உங்கள் பட்டியலின் உச்சியில் நிற்கப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

விமானத் துறைக்கு இது புதிய சிக்கல் அல்ல. 1944 சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு, விமானத்தைப் பொறுத்த இறுதி அதிகாரத்தைத் தலைமை விமானியிடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் நடப்பில் உள்ள சிறு ட்ரோன்களுக்கான ‘பகுதி 107’ விதிகளும் அதையே தொலைவிலிருந்து ஓட்டுகிறவருக்கும் சொல்கின்றன: நேரடிப் பொறுப்பும் அவருடையது, இறுதி அதிகாரமும் அவருடையது. கிளம்புமுன் வானிலையையும் வான்வெளியையும் கீழே இருக்கும் மனிதர்களையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவரும் அவரே. உங்கள் ஒப்பந்தத்தில் இதில் முதல் பாதி அப்படியே இருக்கிறது. விபத்து, வழக்கு, அபராதம் எல்லாம் ‘சுயேச்சை ஒப்பந்ததாரரான’ என் தலையில். இரண்டாம் பாதியைக் காணவில்லை. எந்தக் கோணம், எந்த உயரம், எத்தனை மணிக்குள் என்று சொல்ல உங்களால் முடிகிறது. ‘இன்று வேண்டாம்’ என்று சொல்ல மட்டும் என்னால் முடியவில்லை. சொன்னால் அபராதம்.

இன்னொன்று. அன்று என்னால் ரத்து செய்ய முடிந்ததற்கு நான் நேர்மையானவன் என்பது மட்டும் காரணமில்லை. மாதச் சம்பளம் வருகிறது. அந்த ஆறு வாரம் எனக்கு வெறும் எரிச்சல். கடன் வாங்கி ட்ரோன் எடுத்தவருக்கு, இதை மட்டுமே நம்பி வீட்டு வாடகை கட்டுகிறவருக்கு அது தவணை தவறும் ஆறு வாரம். அவர் அந்தக் காற்றில் பறப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் வானம் இப்போதைக்குப் பத்திரமாக இருப்பது எங்களில் சிலருக்கு வேறிடத்தில் சம்பளம் வருவதால் என்றால், அது உங்கள் ஏற்பாடு அல்ல, உங்கள் அதிர்ஷ்டம்.

நான் கேட்பது இதுதான். மூன்றாவதாக ஒரு பொத்தான் வையுங்கள். ‘இன்று பறக்க இயலாது’ என்று இருக்கட்டும். அதை அழுத்தினால் ரேட்டிங்கைத் தொடாதீர்கள். வேலையை இன்னொரு நாளுக்கு எனக்கே மாற்றிக் கொடுங்கள். அன்றே இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் முடிவெடுத்தது நான் அல்ல, அவருடைய தேவை என்றாகிவிடும். வந்துபோனதற்கு ஒரு தொகை கொடுங்கள். முழுக் கூலி வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு போதும். வாடிக்கையாளர் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். வண்டியைப் பிடித்து நிறுத்திவைத்தால் காத்திருப்புக் கட்டணம் கொடுத்துப் பழகியவர்கள்தான் அவர்கள்.

ஏமாற்றுவார்களே என்பீர்கள். வெளியே போகச் சோம்பல்பட்டுக் காற்று என்று புளுகுகிறவர்கள் இருப்பார்கள். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொய்யைப் பிடிப்பது சுலபம். இடத்தில் நின்றபடி காற்றுமானியின் எண் தெரிய ஒரு வீடியோ, போனின் இருப்பிடப் பதிவு, அந்த நேரத்தின் வானிலைத் தரவு. மூன்றும் பொருந்தாவிட்டால் காசு இல்லை. அதே ஆள் மாதம் நாலு தடவை அழுத்தினால் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பவர் மனிதராக இருக்கட்டும். உங்களுடையதைப் போன்ற தளங்கள் வழியாக நடக்கும் வேலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த நெறிமுறை, ஒருவருடைய கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க 2026 டிசம்பர் 2 வரை அவகாசம். சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

பாதித் தலைவலி முகவரியிலேயே தீர்ந்துவிடும். வாடிக்கையாளர் முகவரியைத் தட்டும்போதே வான்வெளி வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு ‘48 மணி நேரத்துக்குள்’ என்று வேலை போடுகிறீர்கள். அமெரிக்காவில் பல இடங்களில் ஆப் வழியாக உடனே அனுமதி கிடைக்கும். அங்கேயே, குறித்த உயரத்துக்கு மேலே போக வேண்டும் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதை ஏற்றபின் கண்டுபிடித்து ரத்து செய்து அடி வாங்குவது நான்.

உரிமம் விஷயத்திலும் கொஞ்சம் கண்ணைத் திறக்கலாம். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ளதைப் பொழுதுபோக்காக ஓட்டுகிறவருக்கும் தேவையில்லை. தொழிலுக்கு என்று வந்தால் தேவை. ஐரோப்பிய விதிகள் காசு வாங்குகிறாயா என்று பார்ப்பதில்லை, ஆபத்து எவ்வளவு என்று பார்க்கின்றன. அமெரிக்காவில் ஒரு ரூபாய் கைமாறாவிட்டாலும் வியாபாரத்துக்காகப் பறந்தால் பகுதி 107-தான். நேற்றுவரை கடற்கரையில் விளையாட்டாகப் பறக்கவிட்டவர் உங்கள் ஆப்பில் முதல் வேலையை ஏற்கும் அந்த நொடியில் வேறு சட்டத்துக்குள் வந்துவிடலாம். அவருக்கு அதைச் சொல்லும் ஒரு வரிகூட உங்கள் பதிவுப் பக்கத்தில் இல்லை. குறைந்த கூலிக்கு முந்திக்கொண்டு கை தூக்குவது பெரும்பாலும் அவர்தான். (அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் நான்.)

வரும் சனிக்கிழமைக்கு ஒரு வேலையை ஏற்றிருக்கிறேன். காலை 7 மணி, ஒரு குன்றின் மேலே கட்டும் வீடு. முன்னறிவிப்பு நொடிக்கு 7 மீட்டர் என்கிறது, மாறலாம். பேட்டரிகளை எப்படியும் சார்ஜ் போடுவேன், காற்றுமானியையும் எடுத்துக்கொள்வேன். அங்கே போய் நின்று வேண்டாம் என்று தோன்றினால் மறுபடியும் ‘ரத்து செய்’தான் அழுத்த வேண்டியிருக்கும். அதற்குள் அந்த மூன்றாவது பொத்தானை வைக்க முடியுமா?

இப்படிக்கு,
வார இறுதிகளில் மட்டும் பறக்கும் ஒருவன்