விழிப்புணர்வு மலைக்காரர்களுக்கு மட்டும்தான் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுப்பன்றி என்று நினைத்து நாட்டுத்துப்பாக்கியால் சுட்டதில், உடன் வேட்டைக்குப் போனவரே இறந்துபோன சம்பவத்தைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். "மலைவாழ் மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லாததே இத்தகைய விபத்துகளுக்குக் காரணம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன். மிச்சத்திலும் வேறு காரணம் எதுவும் சொல்லப்படவில்லை.

நான் கல்வராயன்மலையில் பிறந்தவள். கிராம சுகாதார செவிலியராக இதே மலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "மரத்திலிருந்து விழுந்துட்டான் சிஸ்டர்", "மூங்கில் குத்திடுச்சு" என்று சொல்லித்தான் ஆளைத் தூக்கி வருவார்கள். துணியை விலக்கிப் பார்த்தால் தொடை முழுக்கப் பால்ரஸ் குண்டு (சின்ன இரும்பு உருண்டை) துளைத்த ஓட்டைகள் இருக்கும். சுற்றிலும் தோல் கருகியிருக்கும். உண்மையைச் சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று அவர்களுக்குப் பயம். ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சமே இரண்டு வருடம் சிறை, ஐந்து வருடம் வரை போகலாம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பயத்திலேயே காயத்தை மறைத்து, நாட்டு வைத்தியம் பார்த்து, சீழ் வைத்த பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தலையங்கம் எழுதியவர் ஒரு நாட்டுத்துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் இந்த விபத்துகள் ஏன் நடக்கின்றன என்பது அவருக்கே புரிந்திருக்கும். அதில் தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோ தேங்காய் நாரோ அடைத்து, குண்டுகளைப் போட்டு, மறுபடி அடைத்து, கம்பியால் குத்தி இறுக்குவார்கள். இப்படிக் கெட்டித்து விட்டால், சுடாமல் அதைக் காலி செய்வது லேசான காரியமில்லை. போலீஸ் துப்பாக்கி மாதிரி தோட்டாவைக் கழற்றிவிட்டு வைக்க முடியாது. ராத்திரி காவலுக்குப் போய் பன்றி வராமலே திரும்பினால், கெட்டித்தது கெட்டித்தபடியே வீட்டுக்கு வரும். பரணில் ஏறும். மழை ஈரத்தில் மருந்து பிடிக்காமல் போனதும் அப்படியேதான் வரும். மருந்தை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலைக் குதிரை என்போம்; அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோன துப்பாக்கியாக இருந்தால், கீழே விழுந்தாலே வெடிக்கும். பரணில் விறகு எடுக்க ஏறிய பெண்ணுக்கும், விளையாட்டுச் சாமான் என்று இழுத்த பிள்ளைக்கும் காயம் பட்டது இப்படித்தான். அவர்கள் யாரும் வேட்டைக்குப் போகவில்லை.

சரி, விழிப்புணர்வு என்றால் அதை யார் கொடுத்திருக்க வேண்டும்? துப்பாக்கியை ஒப்படையுங்கள், வழக்குப் போட மாட்டோம் என்று போலீஸாரும் வனத்துறையினரும் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. தங்கள் நாளிதழும் அதை வெளியிடுகிறது. ஆனால் கெட்டித்த துப்பாக்கியை எப்படிக் கொண்டு வருவது என்று ஒரு அறிவிப்பிலும் நான் படித்ததில்லை. ஸ்டேஷனுக்கு நேரில் போகப் பயந்து, ராத்திரியில் கோயில் பக்கத்திலோ ரோட்டோரத்திலோ போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த வழியாக முதலில் போவது மாடு மேய்க்கும் பையன்கள். கைப்பற்றிய துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி வைத்து எடுத்த போட்டோ மட்டும் தங்கள் பத்திரிகையில் பெரிதாக வருகிறது.

அப்புறம் நார்த்தாமலை. தங்களுக்குத் தெரியாததல்ல. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டத்தில், தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. பக்கத்துத் துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த நேரம். ஜனவரி 3-ஆம் தேதி அந்தப் பையன் இறந்துபோனான். சுட்டவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், சுட்டது அரசாங்கத் துப்பாக்கி, சுட்ட இடம் அதற்கென்றே ஒதுக்கிய தளம். குண்டு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துவிட்டுச் சுட வேண்டும் என்பதுதானே துப்பாக்கி எடுப்பவர்களுக்கு முதல் பாடம்? சீருடைக்காரர்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று அப்போது யாரும் எழுதவில்லையே. தளம் சரியாக அமைந்திருந்ததா, தடுப்பு போதுமா என்று கேட்டார்கள். அந்த மாதிரி கேள்விகளை எங்களுக்காகவும் கேட்டிருக்கலாம்.

எங்கள் ஆட்கள் ஆசைக்காகத் துப்பாக்கி தூக்குகிறார்கள் என்றே எல்லோரும் நினைக்கிறீர்கள். கறிக்காகப் போகிறவனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ராத்திரி பன்றிக்கூட்டம் இறங்கினால் மரவள்ளிக் கொல்லை என்ன ஆகும் என்று வந்து பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நிலத்துக்குக் காகிதம் எங்கே என்பார்கள். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தும் பட்டா கிடைக்காமல் உழுகிற குடும்பங்கள் இங்கே எத்தனையோ. காகிதம் இல்லாததால் பயிர் இழப்பீடும் கிடையாது, உரிமமும் கிடையாது. உரிமம் கேட்டுப் போனால் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. யாருக்கு அந்தப் பயிற்சி அதிகம் தேவையோ, அவர்கள் அந்த வாசலுக்கே போக முடியாது.

1976 வரை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரை நிலக்கிழார்களுக்குக் கீழே கிடந்த மலை இது. 2024-இல் மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது எத்தனை நிருபர்கள் மேலே ஏறி வந்தார்கள்! எல்லோரும் கேட்டது சாராயத்தைப் பற்றித்தான். ஆம்புலன்ஸ் வராத ஊர்களைக் காட்டுகிறேன் என்று தங்கள் நிருபரிடம் நானே சொன்னேன். குறித்துக்கொண்டார். ஒரு வரி வரவில்லை.

அதே மாதிரிதான் ஆஸ்பத்திரியும். குண்டடி பட்ட ஒருவரைக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். போலீஸ் வரட்டும் என்று ஸ்ட்ரெச்சரிலேயே போட்டு வைத்திருந்தார்கள். உயிருக்குப் போராடுகிறவருக்கு முதலில் சிகிச்சை, மற்ற நடைமுறையெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது. அன்று அங்கே இருந்த யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அதையும் மலைக்காரர்களின் விழிப்புணர்வுக் குறை என்று சொல்வீர்களா, ஐயா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பை அடுத்த முறை வெளியிடும்போது, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கெட்டித்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நோண்டிக் காலி செய்யவும் வேண்டாம், ஊர்ப் பெரியவர் மூலம் தகவல் சொன்னால் போலீஸே வந்து எடுத்துக்கொள்ளும் என்று அதில் இருக்கட்டும். இதற்கு மாவட்டக் காவல் அதிகாரியின் ஒப்புதலைத் தாங்கள் கேட்டால் கிடைக்கும், நான் கேட்டால் கிடைக்காது. காயம் பட்டால் குண்டைத் தோண்டக் கூடாது, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றும் சேர்த்துப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். டீக்கடையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கல்வராயன்மலை.