வேலையை நிறுத்தும் உரிமைக்குப் பதிவேட்டில் இடம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்கள் தொழிலாளர் சட்டங்களை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம், பதிவேடுகள் சரியாக உள்ளனவா, படிவங்கள் உரிய நாளில் தாக்கலாயினவா, உரிமம் புதுப்பிக்கப்பட்டதா என்ற கேள்விகளோடு அது முடிந்துவிடுகிறது. தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் பல ஆண்டுகள் அந்தப் பதிவேடுகளை எழுதியவன் நான். அவை தேவையற்றவை என்று சொல்ல வரவில்லை. ஊதியப் பதிவேடு இல்லாத இடத்தில் ஊதியத்தைக் கேட்டுப் பெறவும் வழியில்லை. ஆனால் அவற்றில் எதிலும் விடை கிடைக்காத ஒரு கேள்வி உண்டு. கண்ணெதிரே ஆபத்தைக் காணும் தொழிலாளி, சம்பளத்தையும் வேலையையும் இழக்காமல், அந்த வேலையை நிறுத்த முடியுமா?

டாக்கா அருகே சவாரில் இருந்த ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியே அனுப்பியது, கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை மேல்தளங்களின் ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே செல்லப் பணிக்கப்பட்டார்கள். மறுத்தால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டப்பட்டதாகப் பிழைத்தவர்கள் பலர் கூறினார்கள். அன்று கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விரிசலைக் கண்டுபிடிக்க அங்கே நிபுணர் எவரும் தேவைப்படவில்லை. தொழிலாளர்களே அதைக் கண்டார்கள், அஞ்சினார்கள், தயங்கி வாசலில் நின்றார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல் தொழிலாளி தன் இயந்திரத்தின் முன் இருந்தார். இந்த வேறுபாட்டை எந்தப் படிவமும் பதிவு செய்வதில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2012 செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களை வெளியேற விடாமல் தடுத்தவை பூட்டிய கதவுகளும் கம்பியிட்ட ஜன்னல்களுமே. அந்த ஆலைக்கு, தொழிலாளர் நலனும் பணியிடப் பாதுகாப்பும் முறையாக உள்ளன என்று காட்டும் எஸ்.ஏ. 8000 என்ற பன்னாட்டுச் சான்றிதழ் சில வாரங்களுக்கு முன்புதான் வழங்கப்பட்டிருந்தது. முன்கூட்டியே தேதி சொல்லி வரும் தணிக்கைக்கு ஒரு தொழிற்சாலை எப்படித் தயாராகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நடைபாதையில் கிடக்கும் அட்டைப்பெட்டிகள் அகற்றப்படும், தீயணைப்பான்களில் புதிய அட்டை தொங்கும், முதலுதவிப் பெட்டி நிறைந்திருக்கும், பேசத் தெரிந்த நான்கு தொழிலாளர்கள் முன்வரிசையில் நிறுத்தப்படுவார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கை, இரவோ பகலோ எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி நுழையும் அதிகாரத்தை ஆய்வாளருக்கு அளித்ததும், புகார் கொடுத்தவர் யார் என்பதை அவர் வெளியிடக் கூடாது என்று விதித்ததும் இதனால்தான்.

நான் எழுப்பிய கேள்விக்கு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981லேயே விடை எழுதிவிட்டது. தொழில் பாதுகாப்பு குறித்த அதன் 155ஆம் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, தன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து பணியிலிருந்து விலகும் தொழிலாளி, அதற்காகத் தகாத விளைவுகளுக்கு ஆளாகாமல் காக்கப்பட வேண்டும் என்கிறது. அத்தகைய ஆபத்தைத் தொழிலாளி உடனே தன் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும், தேவையான சீரமைப்பைச் செய்யும்வரை அங்கே திரும்பிப் போகச் சொல்லி முதலாளி வற்புறுத்த முடியாது என்றும் 19ஆம் பிரிவு சொல்கிறது. 2022 ஜூன் மாதம் நடந்த மாநாட்டில் இந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பான பணியிடம் என்ற கொள்கையை மதிக்கும் கடமை, அதற்கு ஒப்புதல் அளிக்காத உறுப்பு நாடுகளுக்கும் அன்றுமுதல் உண்டு.

இதை நான் பணியில் இருந்தபோது அறிந்திருந்தால் ஒரு தவற்றைச் செய்திருக்க மாட்டேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பாதுகாப்புத் தடுப்பு கழற்றப்பட்டிருந்த பிரஸ் இயந்திரத்தில் கை வைக்க ஒரு பெண் தொழிலாளி மறுத்தார். மேலாளர் சொன்னபடி அவருக்கு அரை நாள் ஆப்சென்ட் போட்டு, கீழ்ப்படியாமைக்குக் காரணம் கேட்கும் குறிப்பாணையையும் தயாரித்துக் கொடுத்தவன் நான். பத்து நாளுக்குள் அதே இயந்திரத்தில் வேறொருவர் இரண்டு விரல்களை இழந்தார். விபத்துப் பதிவேட்டில் அதையும் நானே எழுதினேன். ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று காரணம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அந்த ஆண்டுத் தணிக்கையில் எங்கள் பதிவேடுகளில் குறை எதுவும் காணப்படவில்லை.

இப்படி ஓர் உரிமையைக் கொடுத்தால் வேலை செய்ய மனமில்லாதவர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று முதலாளிகள் அஞ்சுகிறார்கள். ஆனால் உடன்படிக்கை கேட்பது நியாயமான காரணத்தை. ஆபத்தும் உடனடியானதாக, கடுமையானதாக இருக்க வேண்டும். தடுப்பு இருக்கிறதா இல்லையா என்பதை இருவரும் நேரில் நின்று பார்த்துவிடலாம். என் அனுபவத்தில் தொழிலாளர்களின் குறை அதிகம் புகார் சொல்வதல்ல, சொல்லாமல் இருப்பது.

எனவே நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் மிக எளியது. ஆபத்து கண்டு வேலையை நிறுத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், அந்த நேரத்துக்கு ஊதியம் பிடிக்கப்படாது, மறுத்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை வராது, சீரமைத்தவர் கையெழுத்திட்ட பிறகே இயந்திரம் ஓடும் என்பவற்றைப் பணி விதிகளில் எழுதி, தொழிலாளர்கள் படிக்கும் மொழியில் ஒட்டிவையுங்கள். நிறுத்திய நேரத்தை மேற்பார்வையாளரின் உற்பத்தி இலக்கிலிருந்தும் கழித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாமே சுவரில் தொங்கும் காகிதம்தான், ஏனெனில் தொழிலாளியை மீண்டும் இயந்திரத்துக்குத் தள்ளுவது பெரும்பாலும் அந்த இலக்குதான். ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமை எழுத்தில் இடம்பெற்றது. அது வெறும் வாக்குறுதியாக அல்லாமல், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகவே கையெழுத்தானது.

மிகவும் கடினமான இடம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை. நிரந்தரத் தொழிலாளி மறுத்தால் குறிப்பாணையாவது வரும். ஒப்பந்தத் தொழிலாளி மறுத்தால் மறுநாள் வாயிலில் அவர் பெயர் பட்டியலில் இருக்காது, அதற்கு யாரும் காரணம் எழுதத் தேவையில்லை. ஆகவே தணிக்கைக்கு வருகிறவர்கள் பதிவேடுகளைப் புரட்டுமுன், கடந்த ஆறு மாதங்களில் பட்டியலிலிருந்து நீங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவர்களில் சிலரையாவது ஆலைக்கு வெளியே சந்தித்து, ஏன் நின்றுபோனீர்கள் என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் துறை அலுவலர்