ஒரே ஒரு போனை நம்பி வீடு இருக்கக் கூடாது

அன்புள்ள கயல்,

நீ கட்டும் வீட்டுக்கான ஸ்மார்ட் ஹோம் வயரிங் பிளான் கிடைத்தது. போர்டுக்குப் போர்டு எண் போட்டு, சர்க்யூட்டுக்கு ஒரு நிறம் கொடுத்து, நீயே உட்கார்ந்து வரைந்திருக்கிறாய். பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு டிராயிங் வாங்க நான் எவ்வளவு கத்தியிருப்பேன் என்று அப்பாவைக் கேள், சொல்வார். பார்க்கப் பெருமையாக இருந்தது. அனுப்பினேன் என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருக்கலாம். போகட்டும். சென்ட்ரிங் அடித்தாயிற்று என்று மேஸ்திரி சொன்னாராம், அதனால் அவசரமானதை முதலில் எழுதுகிறேன்.

சுவரில் பின்னால் காடி வெட்டிக்கொள்ளலாம், ஸ்லாபில் முடியாது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் நீ காட்டியிருக்கும் நெட்வொர்க் பெட்டிகள் வைக்கும் ரேக் இடத்திலிருந்து நாலு கேமரா பாயிண்டுக்கும், ஹால் சீலிங்கில் வைஃபை பெட்டிக்கும் தனித்தனியாக 25 எம்எம் பைப் போய்விட வேண்டும். வெளி கேட்டுக்கும் ஒன்று. ஒவ்வொன்றிலும் இழுப்புக் கம்பி விட்டு வைக்கச் சொல். கரண்ட் வயர் போகும் பைப்பில் நெட்வொர்க் கேபிளை நுழைக்க வயர்மேன் பார்ப்பார், விடாதே. குறுக்கே கடந்து போனால் பரவாயில்லை, ஒரே பைப்பில் சேர்ந்து ஓடக் கூடாது. கேபிள் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் பிஓஇ கேமராவுக்கு அது தாங்காது, வோல்டேஜ் இறங்கி ராத்திரியில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா ரீஸ்டார்ட் ஆகும்.

அடுத்து நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். சாக்கெட் இருக்கும் போர்டில் எப்படியும் நியூட்ரல் வந்துவிடும். லைட் சுவிட்ச் மட்டும் இருக்கும் மாடிப்படி போர்டு, பாத்ரூம் வெளி போர்டு, போர்டிகோ போர்டு, இந்த மூன்றுக்கும் நீ பேஸ் மட்டும்தான் வரைந்திருக்கிறாய். போனிலிருந்தும் விளக்கைப் போட்டு அணைக்க சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் ரிலே மாட்யூலுக்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடுகிற மாடல் இருக்கிறதே என்பாய். அது பல்பு வழியாகக் கொஞ்சம் கரண்டை ஒழுகவிட்டுத்தான் உயிரோடு இருக்கும். 5 வாட் எல்இடி போட்டால் அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று எரியும். கருவிகள் தங்களுக்குள் பேசும் ஜிக்பீ என்ற ரேடியோ சிக்னலைப் பக்கத்துக் கருவிகளுக்குக் கடத்தும் வேலையையும் அந்த மாடல்கள் பெரும்பாலும் செய்யாது. எல்லா போர்டுக்கும் நியூட்ரல் கேள். மெட்டல் பாக்ஸ் தேவைக்கு ஒரு சைஸ் பெரியதாகவும் ஆழமாகவும் வை, இல்லாவிட்டால் மாட்யூலை உள்ளே திணித்து வயர் நசுங்கும்.

இன்வெர்ட்டர் விஷயத்தில்தான் அனுபவமுள்ள வயர்மேனும் தடுக்கி விழுவார். இன்வெர்ட்டர் பேஸை, கரண்ட் ஒழுகினால் விழும் ட்ரிப்பரான ஆர்சிசிபி ஒன்றிலிருந்தும் நியூட்ரலை இன்னொன்றிலிருந்தும் எடுத்துவிட்டால், போவதும் வருவதும் கணக்கு ஒத்துவராமல் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருக்கும். அப்புறம் யாராவது வந்து "ட்ரிப்பரே தொந்தரவு மேடம், எடுத்துடலாம்" என்பார்கள். எடுக்கவே கூடாது. இன்வெர்ட்டர் லைன்களுக்கு நியூட்ரலைத் தனியாக, வேறு நிற டேப் சுற்றி ஓட்டச் சொல். உனக்கு மூன்று பேஸ் இணைப்பு வேறு. ஈபி பக்கம் நியூட்ரல் அறுந்தால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 300க்கும் மேலே ஏறி, ஒரு நொடியில் எல்லா மாட்யூலும் கருகும். மெயின் போர்டில் ஓவர்வோல்டேஜ் கட்ஆஃபும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லாமல் ஒரு மாட்யூல்கூட வாங்காதே.

ஹாலில் ஸ்மார்ட் பல்பு போட்டிருக்கிறாய். வேண்டாம். யாராவது சுவரில் சுவிட்சைத் தட்டி அணைத்தால் அது செத்த பல்பு. நீ ஒருத்திதான் அங்கே நடமாடுவாய், சுவிட்சைத் தொட மாட்டாய் என்று கணக்குப் போட்டிருக்கிறாய் போல. வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், போவார்கள். சாதா பல்பு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே, இதுதான் நிற்கும். மாடிப்படியில் டூவே சுவிட்சுக்குப் பதில் காலிங்பெல் சுவிட்ச் மாதிரி அழுத்தினால் திரும்பும் வகையை மேலும் கீழும் பேரலலாகப் போட்டு ஒரே மாட்யூலுக்குக் கொடு. ஒவ்வொரு மாட்யூலிலும் "கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு செட்டிங் இருக்கும், அதை "பழைய நிலை" என்று வை. விட்டுவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீடே பளீரென்று எரியும்.

இனி மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன்.

உன் போன் வைஃபையை விட்டுப் போய் 10 நிமிடமானால் வீட்டில் யாரும் இல்லை, விளக்கெல்லாம் அணையும், அலாரம் ஆன் ஆகும் என்று விதி எழுதியிருக்கிறாய். ஆட்கள் பட்டியலில் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது. வாடகை வீட்டில் நீ செய்திருந்ததில் இரண்டு இருந்தன. மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிந்து தெருமுனைக்கு வந்ததும் வராந்தா லைட் எரிய வேண்டும் என்று தனியாக ஒரு விதி எழுதி என்னிடம் காட்டினாயே. இதில் விட்டுப்போயிருந்தால் சேர்த்துவிடு.

விட்டுப்போகவில்லை என்றாலும், போனை மட்டும் வைத்து வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முடிவு செய்வது தப்பு. போன் தூங்கும்போது வைஃபையை விடும். சார்ஜ் தீரும். இப்போதைய போன்கள் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் வேறு வேறு அடையாள எண் காட்டும், சிலது அதையும் அவ்வப்போது மாற்றும். உன் வீட்டு வைஃபைக்கு மட்டும் போன் செட்டிங்கில் அதை நிறுத்த வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும், நான் வந்து மத்தியானம் படுத்திருக்கும்போது நீ கடைக்குப் போனால், நான் எழுந்து தண்ணீர் குடிக்க நடந்ததும் சைரன் அலறும். அப்பாவின் பட்டன் போனுக்கு வைஃபையே கிடையாது.

கதவைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். முன்கதவு, பின்கதவு, மொட்டை மாடிக் கதவு மூன்றிலும் மேக்னெட் சென்சார் வை. ஒரு கதவு சாத்தியபின் உள்ளே ஏதாவது ஒரு சென்சார் ஆளைப் பார்த்துவிட்டால், மறுபடி ஒரு கதவு திறக்கும்வரை உள்ளே ஆள் உண்டு என்றே வீடு நினைக்க வேண்டும். எவ்வளவு நேரம் அசையாமல் தூங்கினாலும் சரி. மூன்று கதவும் சாத்தி, 15 நிமிடம் எந்த சென்சாரும் அசைவு காட்டாமல், போனும் வெளியே இருந்தால்தான் காலி. பாத்ரூமுக்கும் இதே யோசனைதான், அங்கே கதவு சென்சாரும் ஒரு பிஐஆர் அசைவு சென்சாரும் போதும். சோப்புத் தண்ணீரோடு நிற்கையில் விளக்கு அணையாது.

பிஐஆர் என்பது நகரும் உடல் சூட்டைப் பார்ப்பது. நடைபாதைக்கும் படிக்கும் சரி. சித்திரை வெயிலில் அறையே 36, 37 டிகிரிக்கு ஏறினால் உடம்புக்கும் சுவருக்கும் வித்தியாசம் குறைந்து அதற்குக் கண் மங்கிவிடும். உட்கார்ந்து படிப்பவரையும் அதற்குத் தெரியாது. அதற்குத்தான் எம்எம்வேவ் ரேடார், ரேடியோ அலை அனுப்பிச் சின்ன அசைவைக்கூடப் பார்ப்பது. எல்டி2410 என்ற ரேடார் சென்சாரை இஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டோடு சேர்த்து அறைக்கு ஒன்று என்று நீ எழுதியிருப்பது சரிதான், ஆனால் சீலிங்கில் ஃபேனுக்குப் பக்கத்தில் குறித்திருக்கிறாய். நம் ஊர் வீட்டில் அங்கே வைத்தால் ஃபேன் இறக்கையை ஆள் என்று எண்ணி விளக்கு அணையவே அணையாது. சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஃபேனை நேரே பார்க்காமல் கட்டிலையோ மேசையையோ பார்க்கிற மாதிரி வை. அந்தச் சென்சார் தூரத்தை 0.75 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சிக்னல் அளவு காட்டும். அறையைக் காலி செய்து, ஃபேனை 1லிருந்து 5 வரை ஒவ்வொரு ஸ்பீடிலும் ஓடவிட்டு அந்த அளவுகளை எழுதி வை, ஜன்னல் திரை ஆடும்போதும் எழுது. துண்டுக்குத் துண்டு அதற்குக் கொஞ்சம் மேலே வரம்பு வை. அப்புறம் அசையாமல் உட்கார்ந்து பார். உன்னைத் தொலைத்துவிட்டால் வரம்பைக் குறைக்காதே, இடத்தை மாற்று. ப்ளைவுட், கண்ணாடி தாண்டியும் அது பார்க்கும். அதனால் படுக்கையறை சென்சார் வார்ட்ரோபுக்குப் பின்னால் இருக்கும் ஹால் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

கேமரா நாலும் வெளியே மட்டும் வைத்திருக்கிறாய், அது சந்தோஷம். ஒரு கேமராவின் பதிவு வேகம் 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நாளுக்கு 43 ஜிபி, நாலுக்கும் 173. 2 டிபி டிஸ்க்கில் பதினொரு நாள்தான் நிற்கும். ஊருக்கு வந்து இரண்டு வாரம் தங்கினால் பத்தாது, 4 டிபி போடு. வந்து இரண்டு வாரம் தங்கலாம். கேமராக்களுக்கு இன்டர்நெட்டையே காட்டாதே, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆரோடு மட்டும் பேசட்டும். சன்ஷேடுக்கு ஒட்டி வைத்தால் ராத்திரி சொந்த வெளிச்சமே அடித்துப் படம் வெளுக்கும். சிலந்தி கூடு கட்டும், மாதம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டு.

சமையலறையில் கேஸ் சென்சாரை மேலே குறித்திருக்கிறாய். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வை. கேஸ் தெரிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும் என்ற விதியை இன்றைக்கே அழி. ரிலே தட்டும் பொறி போதும். மணி அடிக்கட்டும், வேறெதுவும் ஆன் ஆகக் கூடாது. பூஜை அறையில் புகை சென்சார் வேண்டாம், சாம்பிராணிக்குக் கத்தும். சூட்டைப் பார்க்கும் வகை போடு.

இந்த விதிகளை நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட் சாஃப்ட்வேர் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு மெமரி கார்டு வேண்டாம், எஸ்எஸ்டி போடு. கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்டு கெடும். ஜிக்பீ டாங்கிளை நேரே சொருகாமல் ஒரு மீட்டர் கேபிள் வைத்துத் தள்ளி வை, பக்கத்தில் இருக்கும் யூஎஸ்பி 3 போர்ட்டின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் மூழ்கும். ரேக், கேமரா எல்லாம் சேர்ந்து 75 வாட் என்று வை, 150 ஏஹெச் பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும். இன்வெர்ட்டரை, கரண்ட் போனதும் சட்டென மாறும் யூபிஎஸ் மோடில் வை.

முன்கதவு லாக்கில் ஒரு கைரேகைதான் குறித்திருக்கிறாய். கைரேகை இருக்கட்டும், சாவித் துளை உள்ள மாடலாக வாங்கு. ராத்திரி உள்தாழ்ப்பாளும் போடுவாய் என்று எனக்குத் தெரியும். தாழ்ப்பாள் போட்டால் வெளியிலிருந்து சாவி, கைரேகை எதுவும் உதவாது. நீ காய்ச்சலில் விழுந்து கிடந்தால் யார் கதவைத் திறப்பது? லாக்கிலேயே உள்பக்கம் திருகும் குமிழ் இருக்கும், அது போதும். ஒரு சாவி இங்கே கொடு. இன்னொன்று யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் போனை வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இரண்டாவது போனைச் சேர்க்க மாட்டாய் என்றால் அதையும் சொல்லிவிடு. உன் முடிவு எதுவோ அதற்கேற்ப வீட்டைப் பண்ணலாம். ஒன்றும் தெரியாமல் பிளான் திருத்துவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்பா புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறார். கான்கிரீட்டுக்கு முன்னால் பைப் வாயெல்லாம் மூடி டேப் சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சிமெண்ட் பால் இறங்கினால் அந்தப் பைப் போனதுதான். எல்லா போர்டுக்கும் நியூட்ரல், மறக்காதே. நான் திருத்திய முதல் இரண்டு பக்கத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மூன்றாம் பக்கத்தை அவருக்குக் காட்டவில்லை, நீ சொல்லும்வரை காட்டவும் மாட்டேன். அவர் வருவதற்குள் எனக்கு ஒரு போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

அம்மா