கைக்காசு போட வேண்டாம், அப்பா

கோவென்ட்ரி,
30.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமாக இருப்பீர்கள். தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், கடிதம் எதற்கு என்று அம்மா கேட்பாள். போன் அம்மா கைக்குப் போய்விட்டால் சாப்பாடு, குளிர், சளி மூன்றையும் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது நீளமானது, கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது. போஸ்ட் மாஸ்டர் மகள் அதைத் தபாலில் எழுதுவதுதான் முறை.

அம்மாவுக்காக முதலில் நாலு வரி. அரிசி, புளி, நல்லெண்ணெய் எல்லாம் கிடைக்கின்றன. விலையைப் பார்த்தால்தான் பசி அடங்கிவிடுகிறது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. கொடியோடு கூட்டம் போவதை டிவியில் பார்த்துப் பயந்தாளாம். கோடையில் பல ஊர்களில் விளக்குக் கம்பங்களில் இங்கிலாந்துக் கொடி கட்டினார்கள், உண்மைதான். குடியேறி வந்தவர்களைப் பற்றிய செய்தி இல்லாமல் இங்கே ஒரு நாள் பத்திரிகையும் வருவதில்லை. படிப்பு முடிந்து தங்கி வேலை தேட இப்போது தரும் இரண்டு ஆண்டு, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. நான் அதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுவேன். தெருவில் என்னிடம் யாரும் முகம் சுளித்ததில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அம்மாவுக்கு இது போதும்.

இனி உங்களுக்கு. சனி, ஞாயிறுகளில் நான் வேலை பார்க்கும் மளிகைக் கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் பருத்தித்துறைக்காரர், என்னைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கடையின் பின்மூலையில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஒரு தபால் நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கம் பாலும் ரொட்டியும் லாட்டரிச் சீட்டும். அந்தப் பக்கம் பார்சல் தராசும் பணப்பெட்டியும். இங்கே கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது ராயல் மெயில் என்ற தனியார் நிறுவனம். தபால் நிலையங்கள் போஸ்ட் ஆபீஸ் என்ற வேறொரு நிறுவனத்துடையவை. அது அரசுக்குச் சொந்தம். 2012-இல் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். முதல் வகுப்புத் தபால்தலை ஒரு பவுண்டு எழுபது பென்ஸ், நம் பணத்தில் ஏறக்குறைய 200 ரூபாய். ஐந்து ரூபாய்க்கு உறை விற்கும் நீங்கள் இதை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டார்கள். இரண்டாம் வகுப்புக் கடிதங்கள் இந்த ஜூலை முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பட்டுவாடா ஆகின்றன.

தபால் நிலையம் நடத்தும் அந்தக் கடைக்காரர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர். கிராமின் டாக் சேவக்காக, அதாவது கிராமத் தபால் ஊழியராக, நீங்கள் முழு அரசு ஊழியரும் இல்லாமல் வெளியாளும் இல்லாமல் நடுவில் நிற்கிறீர்களே, கிட்டத்தட்ட அப்படி. பணப்பெட்டிக்கு அவரே பொறுப்பு. இந்த ஒரு வரிதான் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அழித்தது. சென்ற ஜூலையில், இதை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை முதல் தொகுதி வெளிவந்தபோதுதான் நான் உட்கார்ந்து முழுதாகப் படிக்கத் தொடங்கினேன். படித்த நாள் முதல் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

1999 முதல் இங்குள்ள தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் செய்து கொடுத்தது. அது வந்ததும் கணக்கு உதைக்கத் தொடங்கியது. பெட்டியில் இருக்கும் பணத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று திரை காட்டும். ஹாம்ப்ஷயரில் ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார், இரண்டாயிரம் பவுண்டு குறைகிறதே என்று உதவி எண்ணுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் சொல்லச் சொல்லப் பொத்தான்களை அழுத்தினார். கண் முன்னாலேயே குறைவு நான்காயிரம் ஆனது.

நிரல் எழுதப் படிக்கிறவள் என்பதால் எனக்கு இந்தப் பிழைகள்மீது தனி ஆர்வம். பின்னாளில், 2015-இல், ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் நடந்ததைக் கேளுங்கள். பெரிய கிளையிலிருந்து சிறிய கிளைக்கு எடுத்துப்போன 8,000 பவுண்டை வரவு வைக்கும்போது திரை அசையாமல் நின்றது. ஏறவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்திய ஒவ்வொரு முறையும் அதே 8,000 வரவாகிவிட்டது. நான்கு முறை. பெட்டியில் இருந்தது 8,000, இருக்க வேண்டும் என்று இயந்திரம் சொன்னது 32,000. முதலாண்டு மாணவன்கூடச் செய்யக்கூடிய பிழைதான் இது. பிழை இல்லாத நிரலை யாரும் எழுதியதில்லை. அதற்காக நான் ஃபுஜிட்சுவின்மேல் கோபப்படவும் மாட்டேன். கோபம் அதற்குப் பிறகு நடந்தவற்றின்மேல்.

கணக்குக் காலம் முடியும் நாளில் இருப்பும் திரையும் ஒத்துப்போகின்றன என்று ஒப்புக்கொண்டால்தான் மறுநாள் கடையைத் திறக்க முடியும். ஒத்துப்போகவில்லை என்றால் வழி இரண்டுதான்: கைக்காசைப் போட வேண்டும், இல்லையென்றால் கடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் முதலில் கைக்காசைப் போட்டார்கள். பிறகு சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள், உறவினரிடம் வாங்கினார்கள். எல்லாம் தீர்ந்த பிறகு, அடுத்த மாதம் சரியாகிவிடும் என்று நம்பி, பணம் இருப்பதாகப் பொய்யாகக் காட்டினார்கள். அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். போஸ்ட் ஆபீஸுக்கே வழக்குத் தொடுக்கும் ஆட்கள் இருந்தார்கள், போலீஸ்கூட வேண்டியதில்லை. திருட்டு என்று குற்றம் சாட்டி, பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினால் திருட்டுக் குற்றச்சாட்டை விட்டுவிடுகிறோம் என்று பேரம் பேசினார்கள். ஜோ ஹாமில்டன் சிறைக்குப் பயந்து அப்படித்தான் ஒப்புக்கொண்டார். அவர் கட்ட வேண்டியிருந்த 36,000 பவுண்டுக்கு ஊரார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 2008-இல் நீதிமன்றத்துக்கும் கூட்டமாக வந்து நின்றார்கள். ஊர் நம்பியது, நிறுவனம் நம்பவில்லை.

சீமா மிஸ்ரா என்ற நம் நாட்டுப் பெண்ணின் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டாலும், திருடவில்லை என்பதில் கடைசிவரை விடாமல் நின்றவர். 2010 நவம்பரில், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, வயிற்றில் குழந்தையோடு பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். யார்க்ஷயரின் பிரிட்லிங்டனில் லீ காசில்டன் என்பவர் உதவி எண்ணை 91 முறை அழைத்தவர். 25,000 பவுண்டுக் குறைவுக்காகத் தானே வாதாடி 2007-இல் தோற்றார். எதிர்த்தரப்பின் செலவு 3,21,000 பவுண்டையும் நீதிமன்றம் கட்டச் சொன்னதால் திவாலானார்.

உதவி எண்ணில் இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றுதான்: இப்படி யாருக்கும் நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான். அப்பா, என் கணக்கில் இதுதான் மொத்தக் குற்றமும். நிரலில் இருந்த பிழை தானாக யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. நூறு பேருக்கு நடந்ததை நூறு பேரிடமும் 'உனக்கு மட்டும்' என்று சொன்னதால்தான் ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஃபுஜிட்சு ஆட்கள் வெளியிலிருந்தே கிளைக் கணக்குக்குள் நுழைய முடியும் என்பதையும் ஆண்டுக்கணக்கில் மறுத்தார்கள்.

சட்டமும் இவர்களுக்கு உதவவில்லை. கணினிக் கணக்கைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும் என 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இங்கே ஒரு பிரிவு இருந்தது. 2000-இல் அது நீங்கியது. அதன் பிறகு, கணினி சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் காரணம் காட்ட வேண்டும். தலைமைக் கணினியை எட்டிப் பார்க்கக்கூட வழியில்லாத மளிகைக் கடைக்காரர் எதைக் காட்டுவார்? வேடிக்கை என்னவென்றால், அதே 2000-ஆம் ஆண்டில்தான் நம் சாட்சியச் சட்டத்தில் 65பி என்ற பிரிவு சேர்ந்தது. கணினி ஒழுங்காக இயங்கியது என்று சான்றிதழ் தர வேண்டும் என்பது அதில் உண்டு. இப்போதைய புதிய சட்டத்தில் 63-ஆவது பிரிவு. சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு கேள்வியாவது நம்மிடம் மிச்சமிருக்கிறது.

இதை உடைத்தவர் ஆலன் பேட்ஸ். வேல்ஸில் கடற்கரை ஊரான லாண்டட்னோவில் கடை வைத்திருந்தவர். குறைவை ஏற்க மறுத்ததால் 2003-இல் ஒப்பந்தத்தை இழந்தார். 2009-இல் கம்ப்யூட்டர் வீக்லி என்ற தொழில்நுட்பப் பத்திரிகை ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு பேட்ஸ், பாதிக்கப்பட்ட எல்லாரும் வந்து சேர நடுவில் ஓர் ஊர் என்று ஃபென்னி காம்ப்டன் கிராமத்துப் பொதுக்கூடத்தில் கூட்டம் போட்டார். கோவென்ட்ரியிலிருந்து அதிக தூரமில்லை. தோழி ஒருத்தி ஆக்ஸ்போர்டுக்குக் காரில் போனபோது வழியில் இறங்கிப் பார்த்தேன். நம் ஊர்ச் சமுதாயக் கூடம் அளவுதான். அன்றுதான் பலருக்கு 'நமக்கு மட்டும் இல்லை' என்பதே தெரிந்தது. பிறகு 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019-இல் ஹொரைசனில் பிழை இருந்தது என்று தீர்ப்பு வாங்கினார்கள். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை நீக்கியது.

இவ்வளவு நடந்தும் நாடு அசையவில்லை. 2024 ஜனவரியில் இந்தக் கதையைத் தொலைக்காட்சி நாடகமாகப் போட்ட பிறகுதான் அசைந்தது. சில வாரங்களில் எல்லாருக்கும் கோபம் வந்தது. அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மிச்சமிருந்த தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. தீர்ப்பைப் படிக்காதவர்கள் நாடகத்தைப் பார்த்தார்கள், நல்லதுதான். ஆனால் நாடகமாக எடுக்கப்படாத அநியாயங்கள் என்ன ஆகும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. மொத்தத்தில் 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். குறைந்தது பதின்மூன்று பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது ஜூலை அறிக்கை. பொய் சொன்னவர்களில் ஒருவர்கூட இதுவரை சிறைக்குப் போகவில்லை.

எங்கள் கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தக் கவுன்ட்டரை எடுத்தார், அவருக்கு எதுவும் நேரவில்லை. ஆனாலும் மாலையில் திரையை மட்டும் நம்பாமல் தாளில் அச்செடுத்து, பக்கத்தில் தன் கையால் எண்ணிக்கை எழுதி, கோப்பில் போடுகிறார். போஸ்ட் ஆபீஸின் பழைய விசாரணைப் படிவங்களில் சந்தேகத்துக்குரியவர்களை 'இந்திய, பாகிஸ்தானிய வகை' என்று வகைப்படுத்தும் குறியீடு இருந்தது 2023-இல் வெளியானது, மன்னிப்பும் கேட்டார்கள். அதைப் பற்றி அவரிடம் பேசினேன். எந்த வகை என்றாலும் தாள் நம் கையில் இருக்க வேண்டும், பிள்ளை என்றார்.

இப்போது உங்கள் விஷயம். நான் பள்ளியில் படித்தபோது, நூறு நாள் வேலைச் சம்பளம் கொடுத்த ஒரு மாலையில் இருப்பு 500 ரூபாய் குறைந்தது. நோட்டு ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்றீர்கள். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வெளியே தெரிந்தால் மானக்கேடு என்று எங்களிடமும் சொன்னீர்கள். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. கைக்காசு போட்ட நிமிடமே, அப்படி ஒரு குறைவு நடந்தது என்பதற்கான தடயம் அழிந்துவிடுகிறது. அடுத்த முறை ஐயாயிரம் குறைந்தால், முன்பு ஒருபோதும் குறைந்ததில்லையே என்றுதான் கேட்பார்கள். நேர்மையானவர்தான் முதலில் கைக்காசு போடுகிறார். அதனாலேயே அவர்தான் முதலில் மாட்டுகிறார்.

ஆகவே, இனி குறைந்தால் போடாதீர்கள். அன்றைக்கே மானாமதுரை அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். இயந்திரம் எவ்வளவு சொன்னது, பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று தனி நோட்டில் எழுதுங்கள். பக்கத்து ஊர்க் கிளைக்காரர்களிடம், உங்களுக்கும் இப்படி நடக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

படிப்பு முடிந்ததும் வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களில்தான் வேலை தேடப் போகிறேன். நான் எழுதும் நிரலின் மறுமுனையில் உங்களைப் போல ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். பயனர் தவறு என்று பிழைக் குறிப்பில் எழுதி மூடிவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். நான் அப்படி மூடினால் நீங்களே என்னைத் திட்டலாம்.

'ஐந்நூறு ரூபாய்க்கு மேலிடத்துக்கு எழுதினால் சிரிப்பார்கள், முப்பது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் எனக்கா பாடம்' என்று நீங்கள் பதில் எழுதப்போவது எனக்குத் தெரியும். எழுதுங்கள். நானும் விடப்போவதில்லை, அடுத்த கடிதத்தில் தொடர்வேன்.

அன்பு மகள்,
தேன்மொழி