நுணுக்குக்காட்டியும் நுண்கிருமியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் வாரமலரின் மருத்துவப் பக்கத்தில் 'நுண்கிருமிக் குடலழற்சிக்குப் புதிய மருந்து: வெளிநாட்டில் பரிசோதனை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் வால் முளைத்த பச்சைக் கிருமி ஒன்றின் படம் வேறு. 'மைக்ரோஸ்கொப்பிக்' என்பதைத்தான் யாரோ நுண்கிருமி ஆக்கியிருக்கிறார். 30 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். தரம் 8 பிள்ளை இப்படி எழுதினால் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அது நுணுக்குக்காட்டி ஐயா. பெருங்குடலுக்குள் கமெராவை விட்டுப் பார்த்தால் இந்த வருத்தம் பெரும்பாலும் தெரியாது. சதைத்துண்டு எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் பிடிபடும், பெயரும் அதனால் வந்தது. ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

ஒரு சொல்தானே என்பீர்கள். எனக்கு இந்த வருத்தம் இருப்பது ஊருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. முந்தநாள் போனபோது, "ரீச்சர், நீங்கள் கதிரையில இருங்கோ, நாங்கள் வெட்டுறம்" என்றார்கள். அதற்குள் அரைப் பூசணிக்காய் வெட்டிவிட்டேன். கை கழுவி வந்து பார்த்தால் என் துண்டுகள் மட்டும் ஒரு வாழையிலையில் தனியே கிடக்கின்றன. கத்திக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது என்னிடம் படித்த பிள்ளை. அவர்களை நோகமாட்டேன். 2009 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் கக்கூசு வரிசையில் நின்ற சனம் நாங்கள். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற ஜீவனி உப்புப் பக்கற்றைப் பல்லால் கிழித்துப் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்தவர்களுக்குக் கிருமி என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல.

இந்தப் பெயர் என் கைக்கு வந்துசேர 3 வருடம் பிடித்தது. பகலில் ஏழெட்டுத் தரம், இரவில் நாலு தரம் வயிற்றோட்டம், இரத்தமில்லாத வெறும் தண்ணீர். போன இடமெல்லாம் 'யுத்த மனப்பாதிப்பு' என்றார்கள். வன்னிப் பொம்பிளைக்குத் தலை இடித்தாலும் யுத்தம், கால் வீங்கினாலும் யுத்தம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் கமெரா விட்டார்கள். "குடல் வடிவாய் இருக்கு அம்மா" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சதை எடுக்கவில்லை. மறுதடவை ஓர் இளம் டொக்டர் நாலைந்து இடத்தில் கிள்ளி எடுத்தார், அவர் நல்லாயிருக்க வேண்டும். 1976 இல் சுவீடனில் லின்ட்ஸ்ட்ரோம் என்பவர் இந்த வருத்தத்தில் விவரித்த அதே கொலாஜன் என்கிற நார்ப்புரதப் பட்டை, 10 மைக்ரோமீற்றரைத் தாண்டித் தடித்துப்போய், ஒட்டுசுட்டான்காரியின் குடலிலும் இருந்தது. முழங்கால் நோவுக்கு வருடக்கணக்காக விழுங்கிய டைக்குளோபெனாக்கும், அது வயிற்றைப் புண்ணாக்காமல் காவலாகத் தந்த ஒமெப்பிரசோலும் இதைக் கிளப்பக்கூடும் என்று சொன்னதும் அவர்தான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் ஊர்க் கிளினிக் கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள், அந்த இரண்டும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறது என்று தெரியும்.

பியூடெசொனைட் 9 மில்லிகிராம் எழுதினார். "இது முட்டுக்காரர் இழுக்கிற மருந்தல்லோ" என்றார் மருந்துக்கடைக்காரர். மருந்து அதேதான், குடலில் கரைகிற மாதிரிச் செய்த குளிசை. கனடாவிலிருந்து தம்பி அனுப்பினான். இரண்டு கிழமையில் நின்றது, குளிசையை விட்டதும் திரும்பி வந்தது. பலருக்கும் அப்படித்தான், புது மருந்து தேடுவதும் அதற்காகத்தான்.

தங்கள் கட்டுரையாளருக்கு அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டது 'ஏமாற்று மாத்திரை' மட்டும். ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை கொடுப்பார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. அதை முதலே சொல்லி ஒப்பம் வாங்கித்தான் தொடங்குவார்கள். பிறகு ஏமாற்று எங்கே? தானாக அடங்கித் தானாகக் கிளம்புகிற வருத்தத்தில், வெறும் குளிசைக்காரர் பக்கத்தில் இல்லாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று எதை வைத்துச் சொல்வது? நாளுக்கு எத்தனை தரம், அதில் தண்ணீராக எத்தனை என்று நோயாளி எழுதிவர வேண்டும். கிழமைச் சராசரியில் நாளுக்கு 3 க்குக் குறைவு, தண்ணீராக 1 க்குக் குறைவு என்றால்தான் அடங்கியது என்று கணக்கு. என்னிடமும் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது, தண்ணீருக்குச் சிவப்புக் கோடு, மற்றதற்கு நீலம். யாரும் கேட்காத பரிசோதனை அது.

தங்களுக்கு முன்பும் எழுதியிருக்கிறேன். பஸ்கள் நின்று போகிற முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கி ஏறுகிற நேரத்துக்குள் வயதுபோன ஒருத்தி கக்கூசு தேடி ஓடித் திரும்ப முடியாது, பஸ் நிற்காது என்று. அதை நாலு வரியாக வெட்டி 'முறிகண்டியில் பக்தர்கள் அசௌகரியம்' என்று போட்டீர்கள். இராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறது. வன்னி என்றால் யானை அடித்திருக்க வேண்டும் அல்லது குளம் உடைத்திருக்க வேண்டும்.

கேட்பது இரண்டு வரி. 'இது கிருமி நோய் அல்ல, தொற்றாது' என்று அதே பக்கத்தில், அதே பருமன் எழுத்தில் போடுங்கள். வரும் ஞாயிறே போட்டால் உதவி. வெட்டி எடுத்துக்கொண்டு அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போகலாம்.

பெயர் வேண்டாம், ஊரைப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.