நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூலிகையில் புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்பது உண்மைதான். நம் தென்மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மடகாஸ்கரைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செடி சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தபோது, எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, ரத்த வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு போனதில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கியமான மருந்து.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதைச் சுத்திகரித்து, உடல் அளவுக்குக் கணக்குப் போட்டு, ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள். அளவு தப்பினால் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்படும். இதைத்தான் வாட்ஸ்அப்பில் ‘பத்து இலையைக் கொதிக்க வைத்துக் குடி’ என்று பரப்புகிறார்கள்! எங்கள் உறவில் ஒருவர் அதை நம்பிச் சிகிச்சையைப் பாதியில் விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூலிகை ஆராய்ச்சி அவசியம் நடக்க வேண்டும், அரசு பணமும் ஒதுக்க வேண்டும். சரி, செய்தி போடும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஆய்வகத்தில் வளர்த்த செல்லில் வேலை செய்ததா, எலியிலா, மனிதரிலா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவில்பட்டி